கண்ணாடியில் விடுபட்ட கை

என் வாலுப் பெண்ணுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இன்று அந்த வரிக்குக் கை வரவில்லை. போன வாரம் அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, அலமாரிக் கண்ணாடியில யாரோட கைம்மா அது, ஏன் அப்படி மடங்கியிருக்குன்னு போனில் கேட்டாய். ஒட்டினதுல ஏதோ பிசகுடின்னு சொன்னேன். பிசகு இல்லை. அது அப்பாவின் இடது கை.

நீ புது வேலையில் சேர்ந்த மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. தூங்குகிறார், குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னபோதெல்லாம் போனுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். நாக்கு குழறுகிறது, பேசினால் உனக்குத் தெரிந்துவிடும். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார். அப்போது பார்த்து நீ, வீட்டு புரோக்கருக்கு எடுத்துத் தர்றியே, அந்த மாதிரி நம்ம வீட்டையும் சுத்திப் பாக்கற மாதிரி எடுத்து அனுப்பும்மான்னு கேட்டாய். என் வேலை உனக்குத் தெரியும். அறை நடுவில் ஸ்டாண்டை வைத்து, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்து, கம்ப்யூட்டரில் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் அறை முழுதும் ஒரே படம். குடியிருப்பவர்கள் அதில் தெரியக்கூடாது. என் முதுகுப் பக்கம் நிற்கச் சொல்வேன், கேமரா திரும்பத் திரும்ப அவர்களும் என்னோடு சுற்றி வருவார்கள். அப்பாவையும் அப்படித்தான் சுற்றினேன். ஒரு படம், நாற்காலிக்கு ஒரு தள்ளு, அடுத்த படம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல கையால் சக்கரத்தை உருட்டி உதவிகூடச் செய்தார். ராட்டினம் நல்லாத்தான் இருக்கு, டிக்கெட் எவ்வளவுன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு கம்ப்யூட்டரில், அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த என்னைத் துடைத்தேன், அவரை நாற்காலியோடு துடைத்தேன். அந்தக் கை மட்டும் விட்டுப்போயிற்று.

நீ பதறிப்போவாய், வேலை கெடும், அதற்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். கோணிய வாயோடு அவரை யாரும் பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. நீ பார்ப்பதும்தான். பிசகு என்று உன்னிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. போனை வைத்ததும், என் கையையே பிசகுன்னுட்டியேன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இன்று முன்னறையை மறுபடி எடுத்தேன். இரண்டு படம் ஒட்டும் இடத்தில் ஆள் இருந்தால் தலை ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம் போய்விடும், அதனால் ஒரே படத்துக்குள் முழுசாக வரும்படி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தானே சவரம் செய்துகொண்டார், கன்னத்தில் ஒரு கீறல். அசையாதீங்கன்னேன். பாதி உடம்பு நீ சொல்லாமலே கேக்குது, மிச்சத்தைத்தான் அடக்கணும்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே, எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு இருக்கும். ஒன்றை மறக்காதே. இதோடு வரும் படம் வாசல் கதவைக் காட்டித்தான் திறக்கும். மெதுவாக வலது பக்கம் திருப்பு. ஜன்னலோரம் அப்பா, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அங்கேயே நில். இன்னும் திருப்பினால் அலமாரிக் கண்ணாடியில் நான், தலை குனிந்தபடி. துடைக்கவில்லை.

அம்மா