வளையல் இல்லாத கை

சைகோன்,
14 மார்ச் 1967

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் ஜூலியேத்தின் தோத்திரம்.

நானும் உங்கள் மருமகன் எட்மோனும் ஆண்டவர் தயவில் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

அம்மா, நான் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்! ஆண்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், இங்கே வெல்டிங் பழகப் பெண்களையும் எடுக்கிறார்கள். வெளிநாட்டுக்காரி வேண்டாம் என்றார் மேஸ்திரி. சங்கத்துப் பெண்கள் விடவில்லை. “அவளும் எங்க சங்கம்தான், அவள எடுக்கலேன்னா நாங்களும் வரல” என்று உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது உங்கள் மகள் இரும்போடு இரும்பை ஒட்டவைக்கிறாள்.

கரண்ட் வேலை என்பதால் வளையல் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அப்படியே போய்விட்டேன். நம்மூர் எலென் அக்கா என் கையைப் பார்த்ததும், “ஐயோ, எட்மோனுக்கு என்னடி ஆச்சு?” என்று கோயில் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்த இவர், “நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேங்க்கா. இவ வெல்டராயிட்டா, அதான்!” என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும். ஊரில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பாவின் காக்கிச் சட்டை ஒன்று அனுப்புங்கள். நைலானில் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். காக்கி இங்கேயும் கிடைக்கிறது. இருந்தாலும் அப்பாவுடையதுதான் வேண்டும்.

வேலைக்கு லாரி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். சட்டையைத் துவைக்காதீர்கள் அம்மா, அப்பா கழற்றிப்போட்டதை அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
ஜூலியேத்