பதினேழாவது படத்தின் குறிப்பு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். இருபது வருடமாக நம் பத்திரிகைக்கு நான் எடுத்த படங்களில் நாற்பதை நகர நூலகத்தின் மாடியில் கண்காட்சியாக வைக்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணி. சொன்னவர் நூலகர், இன்று எழுத்திலும் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட்டர் அக்கா ஆயிற்றே, ஆதாரம் யார் என்றுதானே முதலில் கேட்பீர்கள்!

போன் செய்தால் எடுக்க மாட்டீர்களோ என்று பயம். அதனால் கடிதம்.

தேர்ந்தெடுத்த படங்களில் பெரிய மனிதர்கள் ஒருவரும் இல்லை. குழாய் திறப்பு விழாவில் கத்தரிக்கோல் வெட்டாததால் ரிப்பனைப் பல்லால் கடித்த சங்கத் தலைவர். ஓட்டத்தில் கடைசியாக வந்த மகளுக்கு எழுந்து நின்று கைதட்டிய அப்பா. ரத்த தான முகாமில் ஊசியைப் பார்த்ததும் மயங்கிய போலீஸ்காரர். உங்கள் ஸ்கூட்டரின் பின்சீட்டில், கேமரா பையை மடியில் அணைத்துக்கொண்டு போய் எடுத்தவை. முன்பின் தெரியாத நம்மை எத்தனை பேர் வீட்டுக்குள் விட்டார்கள்! நன்றி சொல்லக்கூட நிற்காமல் அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடினோம்.

பதினேழாவது படம் அந்த அக்கா தங்கை. எட்டு வருடம் முன்பு, மருத்துவமனையில். யார் எங்கே நிற்கிறார்கள் என்று நீங்கள் இடமிருந்து வலமாகக் குறித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனீர்கள். ஜன்னல் வெளிச்சம் மூக்குக் கண்ணாடியில் அடிக்கிறது என்று நான் இருவரையும் இடம் மாற்றி நிற்க வைத்தேன். உங்களிடம் சொல்ல மறந்தேன். சிறுநீரகம் கொடுத்தவள் தங்கை. பத்திரிகையில் அக்கா கொடுத்ததாக வந்தது. ஆசிரியர் கேட்டபோது, "நான்தான் சார் மாத்தி எழுதிட்டேன்" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களை வெளி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே வருடத்தில் வேலையை விட்டுப் போனீர்கள். அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். மன்னியுங்கள். அந்தப் படத்துக்கு நீங்களே குறிப்பு எழுதித் தர வேண்டும். விழாவுக்கும் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் 'இன்னொண்ணு'
(ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் நான் சொல்வதை வைத்து நீங்கள் வைத்த பெயர்தான். இன்றும் அலுவலகத்தில் அதுதான்.)

மார்ச் 9

அன்புத் தம்பி இன்னொண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் எனக்குப் புதிய செய்தி கண்காட்சி மட்டும்தான். நீ இடம் மாற்றியது பத்திரிகை வந்த அன்றே, ஆசிரியர் கேட்கும் முன்பே எனக்குத் தெரியும். உன் கேமராவில் இரண்டு படமும் பார்த்தேன்: முதல் படத்தில் தங்கை இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். பன்னிரண்டு வருடம் ஆகியும் அப்போது உன் வேலை நிரந்தரமாகவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே உன்னை அனுப்பியிருப்பார்கள். தெரிந்துதான் சொன்னேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுநாளிலிருந்து நீ என் மேசைப் பக்கம்கூட வராமல் வேறொருவர் வண்டியில் ஏறிப் போனாயே, அதுதான் வலித்தது. என் முகத்தைப் பார்க்கக் கூச்சம் என்று இப்போது புரிகிறது. புரிய எட்டு வருடம் ஆனது.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை மறுபடி மாட்ட அந்த இருவரிடமும் கேட்டாயா? அவர்கள் வேண்டாம் என்றால் அது சுவரில் ஏறக்கூடாது. அப்படியே ஏற்றினால் நான் எழுதவும் மாட்டேன், வரவும் மாட்டேன்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அந்த இருவரையும் பார்க்கப் போனேன். தங்கை தையல் கடை வைத்திருக்கிறார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல சுகம். விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் முதலில் சிரித்தார்.

"ஊரே என்னைப் பெரிய தியாகின்னு கும்பிட்டுச்சு. இவ ஒரு வாரம் என்கூட பேசல!"

"பின்ன? வயித்துல தழும்பு எனக்கு, மாலை உனக்கா?" என்றார் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பி, "பேப்பர்ல திருத்தம் வந்த அன்னைக்கு அந்த ரிப்போர்ட்டர் அக்கா கொட்டுற மழையில வீட்டுக்கே வந்தாங்க, தெரியுமா? 'தப்பு எங்களோடது'ன்னாங்க. எங்களோடதுன்னாங்களே ஒழிய, யாரோடதுன்னு சொல்லல" என்றார்.

எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதே இல்லை.

திருத்தம் வந்த அந்த இரண்டு வரியைத் தங்கை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். படத்தை மாட்டச் சம்மதம். நிபந்தனை இரண்டுதான்: "அந்த ரிப்போர்ட்டர் அக்கா எழுதணும். அவங்களும் வரணும்."

இருவரையும் புதிதாக ஒரு படம் எடுத்தேன். எடுத்த பிறகே யார் எந்தப் பக்கம் என்று குறித்தேன், இரண்டு முறை கேட்டு.

வியாழன் மாலைக்குள் குறிப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். பதினேழாவது படத்துக்குக் கீழே இடம் காலியாகவே இருக்கிறது.

உங்கள்
இன்னொண்ணு

மார்ச் 18

தம்பி,

கூரியரில் அனுப்புகிறேன். நாளைக் காலை உன் கையில் இருக்கும். ஒரு எழுத்தும் மாற்றாதே.

"படம் 17. இடப்பக்கம் சிறுநீரகம் பெற்ற அக்கா, வலப்பக்கம் கொடுத்த தங்கை. முதலில் வெளியானபோது இடம் மாறிவிட்டது. பொறுத்துக்கொண்ட இருவருக்கும் புகைப்படக்காரரும் செய்தியாளரும் நன்றியுடன் கடன்பட்டிருக்கிறோம்."

உறுதியாகாதது ஒன்று உண்டு. ரயில் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் நான்காவதாக இருக்கிறேன். சனிக்கிழமை மாலை தெரிந்துவிடும். கிடைத்தால் ஞாயிறு காலை எட்டே காலுக்கு வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு உன் வண்டியைக் கொண்டு வா. ஓட்டப்போவது நான். நீ பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்.

அக்கா