துணிப் பெட்டியா, கெட்டிப் பெட்டியா

அன்புள்ள அக்கா,

பெட்டி வாங்கியாயிற்று. நீ சொன்னபடி கெட்டி பிளாஸ்டிக்கில்தான் வாங்குவதாக இருந்தேன். கடைக்காரர் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, "ஏறி நில்லுங்கம்மா, யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். நான் ஏறுவதற்குள் என் பெண், அதான் உன் செல்லம், ஏறிவிட்டாள். இறங்கமாட்டேன் என்று ஒரே அழுகை.

அந்தக் கெட்டி பிளாஸ்டிக்குக்குப் பேர் பாலிகார்பனேட்டாம், அமுங்கினாலும் நிமிர்ந்துகொள்ளுமாம். விளிம்பில் விரிசல் விட்டால் அவ்வளவுதானாம். துணிப் பெட்டிகளில் பாலியெஸ்டர் சீக்கிரம் தேயும். கான்வாஸ் நனைந்தால் கனக்கும். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இத்தனை கேள்வி கேட்கவில்லை என்று நீ சிரிப்பாய்.

"நைலான் எடுங்க. கிழிஞ்சாலும் தைச்சுக்கலாம். எத்தனை நாள் பயணம்?"

"ரெண்டு வருஷம். வெளிநாட்டுல வேலை."

"அப்போ பெரிசா எடுங்கம்மா, பாப்பா துணியும் இருக்குமே."

நடுத்தர அளவில் எடுத்தேன்.

உன்னிடம் இருக்கும்போது ராத்திரி ஒருமுறை எழுவாள். தண்ணீர் கொடுத்தால் போதும். இருமல் வந்தால் காத்திருக்காதே, டாக்டரிடம் காட்டிவிடு. நான் போனில் கூப்பிடும்போது பேசமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. இதெல்லாம் எனக்கு நேரில் சொல்ல வராது.

நான் அடுக்க அடுக்க, அவள் தன் சிவப்புச் செருப்பைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைக்கிறாள். எடுத்து வெளியே வைத்தால் மறுபடியும் கொண்டுவருகிறாள். கடைசியில் அப்படியே விட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

உன் வீட்டுக்கு வெறுங்காலோடுதான் வருவாள். அந்தச் செருப்பைத் தேடாதே. புதிதாக ஒன்று வாங்கிப் போடு. ஓர் அளவு பெரிதாகவே வாங்கு.

உன் தங்கை