புற்றுக்குப் பால்

அன்புள்ள மாமாவுக்கு,

புற்றுநோய்ச் செவிலியர் மேற்படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்குத்தான் முதல் மார்க். நோயாளியாக நடித்தவரிடம் உண்மையைப் பக்குவமாகச் சொன்னேனாம்.

போன வாரம் வடுகபட்டியில் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டிதான் அத்தை" என்றேன். ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்த உங்களிடமும் அதே பொய்தான்.

இன்று அத்தை போன் செய்தார்கள். புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தார்களாம். எதற்கு என்றேன்.

"புத்துநோய்க்குப் புத்துலதான ஆத்தா ஊத்தணும்? டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாக. ஒனக்குப் பரீட்சை முடியட்டும்னுதான் வாயத் தொறக்கல. எம் மகனுக்கு மட்டும் நீ சொல்லிரு."

உங்களை அழைக்கப் போனை எடுத்தேன். படித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அதனால்தான் கடிதம். திங்கள்கிழமை சிகிச்சை தொடங்குகிறது. லீவு சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பரீட்சையில் மட்டும் தேறிய
உங்கள் மனைவி