நீயும் எழுந்திருப்பாய் என்று

கூடப் பிறக்காத என் தங்கச்சிக்கு,

சாப்பிட்டாயா என்று எழுதத்தான் கை போகிறது. எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். இஸ்திரி உருளையின் தடுப்புக் கம்பி கழன்று கிடக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சேர்ந்துதான் போய்ச் சொன்னோம். "பாத்துக்கலாம் கெழவிங்களா, போய் மடிங்க" என்றார். மூன்றாம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கை உருளைக்குள் போனது.

நேற்று விசாரணையில் அவர், "எங்கிட்ட யாருமே சொல்லல. அவதான் பராக்குப் பாத்தா" என்று வாய் கூசாமல் சொன்னார். நான் எழுந்து, "நாங்க ரெண்டு பேரும் சொன்னோம்" என்றேன். "நீ மொதல்ல எந்திரி அக்கா, அடுத்த நொடி நான் எந்திரிக்கிறேன்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவள் நீதானே? நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

"அஞ்சாங்கிளாஸ் கெழவி, கனவு கண்டிருக்கும்" என்று அவர் சிரித்தார். என் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

உன் மருமகனுக்கு நம் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்ததை இன்று காலைதான் கேள்விப்பட்டேன். முன்பே தெரிந்திருந்தால் உன்னை நம்பாமல் இன்னும் உரக்கப் பேசியிருப்பேன்.

நேற்று நீ போன பிறகு, புகார் சொல்ல என்கூட வந்தது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். உன் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிடுவார்கள். கை போன பெண்ணை வேலையை விட்டு அனுப்புவதா என்று அன்றுதான் முடிவு. எனக்குக் கொடுத்த வாக்கு போகட்டும். இரண்டு விரல் போன அந்தப் பெண் உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல், பார்க்கலாம்.

நேற்றுவரை உன் அக்கா