மொட்டை மனுவில் என் பெருவிரல்

22-1-97, புதன்

நாஞ் சொல்லச் சொல்ல மருமக கயல்விழி எழுதறா. இன்னைக்கு வக்கீலம்மா நந்திதா வந்திருந்தாங்க. ஆபீசுல நடக்கற திருட்டை வெளிய சொல்றவங்களைக் காப்பாத்த ஒரு சட்டம் வேணும்னு, வக்கீலுங்க சேர்ந்து நகல் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பறாங்களாம். பட்டவங்க வாக்குமூலமும் கூடப் போகோணுமாம்.

"ஏனுங்க தாத்தா, உங்க வேலை போன கதையைச் சொல்லுங்க."

23-1-97

1961. கோபிப் பக்கம் வாய்க்கால் வேலையில நான் வாச்சுமேன். கரை பூச வந்த சிமெண்டு, ஓவர்சீயர் கட்டற ஊட்டுக்குப் போச்சு. கிளார்க்கு சீனிவாசலய்யா பேரு போடாம மொட்டை மனு எழுதுனார். எழுத்தைக் கண்டுபிடிச்சுருவாங்கன்னு இடக்கையில. நாக்கைக் கடிச்சுக்கிட்டு அவர் எழுதுன அழகு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அவர் உறை ஒட்டக் கோந்து எடுக்கத் திரும்புனார். எனக்கு ஒரு ரோசனை — கைநாட்டு வெக்காத காயிதம் செல்லுமா? பொய்னு வீசிப்போட்டா? பெருவெரலை மசியில தொட்டு அமுத்தி, மடிச்சுக் குடுத்துட்டேன்.

அருவாத் தழும்பு இருக்கற வெரலு. சம்பளப் பட்டியல்ல இருந்த நாட்டோட ஒத்துப் பாத்தாங்க. அவ்வளவுதான்.

எழுதுனது யாருன்னு மூணு நாள் நிக்க வெச்சுக் கேட்டாங்க. சொல்லலை. வேலை போச்சு. கோயமுத்தூர் வந்து மூட்டை தூக்குனேன்.

2-2-97

வக்கீலம்மாளும் அதையேதான் கேக்கறாங்க. எழுதுனவர் சாட்சி இல்லீன்னா வெறுங்கதைன்னு தள்ளிருவாங்களாம். முப்பத்தாறு வருசமா சொல்லாத பேரு. ஐயோ, இந்த நோட்டுல சொல்லிப்போட்டனே? கயலு, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுரு அம்மணி.

"கிழிக்க மாட்டனுங் மாமா. எழுதி முடிச்சதும் நோட்டைப் பீரோவுல வெச்சுப் பூட்டறேன்."

9-2-97, ஞாயிறு

கோபிக்குப் போனேன். சீனிவாசலய்யாவுக்குப் பல்லே இல்லை. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"பேரில்லாத மனுவுக்குக் கைநாட்டு வெச்ச ஆளு, உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா மயில்சாமி!"

காப்பி சிந்தச் சிந்தச் சிரிச்சோம். சட்ட விசயத்தைச் சொன்னேன். முகம் மாறிப்போச்சு.

"உன் வேலை போயி நான் பென்சன் வாங்கறேன். இப்பச் சொன்னா அதையும் புடுங்கிருவாங்களோ?"

நான் என்னத்தைக் கேக்க? "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்கய்யா."

வக்கீலம்மா குடுத்த விலாச அட்டையை அங்கயே மறந்து வெச்சுட்டேன். பஸ்ஸேறுன பின்னாடிதான் நெனப்பு வந்துச்சு.

16-2-97

என் பேரு மட்டும் போடுங்கன்னுட்டேன். அப்புறம் ரெண்டு விசயம் சொன்னேன். பேரும் நாட்டும் தனிக் காயிதத்துல, தனி உறையில இருக்கோணும். எழுதிக் குடுத்த கைக்கும் காவல் வேணும். வக்கீலம்மா எழுதிக்கிட்டாங்க.

20-4-97

நகல் டில்லிக்குப் போயிருச்சாம். சட்டம் ஆகுமான்னு கேட்டேன். "தெரியலீங்க தாத்தா." ஒரு பிரதி குடுத்தாங்க. நான் சொன்ன ரெண்டும் அதுல இருக்குதுன்னு கயல்விழி படிச்சுக் காட்டுனா.

கடைசியில என் வாக்குமூலம். கீழ என் பெருவெரலு. அடுத்த பக்கம், கோபியில இருந்து தபால்ல வந்த காயிதம்.

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்தைத் தெரியும். சாஞ்சு, கோணி — இடக்கை.

"அன்றைய மனுவை எழுதியவன் நான்"னு இருக்குதாம். அடியில பேரும் இருக்குதாம்.

கயலு, இனிமே நோட்டைப் பீரோவுல பூட்ட வேண்டாம். வெளியவே வெச்சுக்கலாம்.