புதன்கிழமை லாரி

நவம்பர் 12, திங்கள்

கோழிகள் மறுபடியும் வீட்டையொட்டிய சமதளத்தில் புகுந்து கிளறியிருக்கின்றன. கிளறட்டும். இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் அங்கே பழம் பிழியும் ஆலை நிற்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கச் சில்ஹெட் கம்பெனி ஆள் மொயினுல் போன வாரம் ஒப்பந்தத்தோடு வந்தார். எட்டு புதன்கிழமை, எட்டு லாரி ஆரஞ்சு. சொன்னபடி எல்லை தாண்டினால் அவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து, எங்கள் நிலத்தில் ஆலை போடுவார்கள். காகிதத்தை என் வீட்டுக்காரர் வான்போக்கிடம் நீட்டினார். வான்போக் வெற்றிலையை மென்றபடியே என்னைக் காட்டினார். "கடைக்குட்டிப் பொண்ணு அவ. எங்க வழக்கத்துல நிலம் அவளோடது. நான் கட்டிக்கிட்டு வந்தவன்." மொயினுல் முழித்த முழி இருக்கிறதே!

இருபத்து மூன்று குடும்பங்களிடம் தொண்டை வற்றப் பேசி, மலைமேல் வியாபாரிக்கு மரத்தைக் குத்தகைக்கு விடாதபடி நிறுத்தி வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் அவன் வேண்டாமென்று கழித்த பழம் பள்ளத்தில் உருண்டு அழுகும். இந்த வருஷம் அழுகாது.

நவம்பர் 14, புதன்

லாரி நிறைந்தது! இன்று எங்கள் ஊர்ச் சந்தையும். பக்கத்து ஊர் நோங்பிரிலிருந்து நாத்தனார் இபன் வந்திருந்தாள். "உங்க ஊருக்கு ஆலையா? பாக்கலாம், பாக்கலாம்." வாய்க்குள் சிரிப்பு வேறு. பார்க்கட்டும்.

நவம்பர் 21, புதன்

லாரி வந்தது. பதினொரு கூடைதான் இருந்தது. பதினொன்று!

மற்றவர்கள் மரத்தில் ஏணியே சாய்க்கவில்லை. பக்கத்து வீட்டு ட்ரோலினிடம் கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "என்ன கோங், நாளைக்குத்தானே சந்தை?"

நாளைக்குத்தான். எங்கள் சந்தை எட்டு நாளுக்கு ஒரு தடவை. போன தடவை புதன், இப்போது வியாழன், அடுத்தது வெள்ளி. சந்தைக்கு முதல் நாள் பறிப்பார்கள், சந்தையன்று ரெண்டாயிரம் கல்படி ஏறி மேலே சாலைக்குச் சுமந்து வருவார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். எட்டு இடத்தில் 'புதன்' என்று படித்து எட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேனே, அப்போது என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

மொயினுல் போனில் (நாங்கள் அக்காவைக் 'கோங்' என்கிறோம், அவர்கள் 'ஆப்பா' என்கிறார்கள்): "எட்டு நாளா? ஆப்பா, எல்லாருக்கும் ஆண்டவன் ஏழு நாள்தானே குடுத்தான்? உங்க ஊருக்கு மட்டும் ஒண்ணு சேத்துக் குடுத்தானா?"

நவம்பர் 22, வியாழன்

சந்தை மைதானம் முழுக்க ஆரஞ்சு. லாரி இல்லை. மலைமேல் வியாபாரி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து பாதி விலைக்கு அள்ளிப் போனான்.

நவம்பர் 25, ஞாயிறு

சர்ச் முடிந்து ஊர்க்கூட்டம். சந்தையைப் புதன்கிழமைக்கே மாற்றிவிடக் கேட்கலாம் என்று பார்த்தால், நான் அங்கே வாய் திறக்கக் கூடாது. தோப்பு பெண்ணுக்கு, பேச்சு ஆணுக்கு! என் தாய்மாமாவை அனுப்பினேன். என்ன பேச வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தையை மாத்த முடியாதாம். புதன்கிழமையை வேணா மாத்திக்கச் சொல்லுன்னாங்க."

சொன்னவர்களோடு சேர்ந்து இவரும் சிரித்திருக்கிறார். எனக்குத் தெரியும்.

நவம்பர் 28, புதன்

நேற்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். ட்ரோலின் சொன்னது: "நாளைக்குப் பழத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை அரிசிக்கு ஒரு தடவை. ரெண்டாயிரம் படி, ரெண்டு தரம். என் முட்டியை யாரு தருவா, உன் கம்பெனியா?" அரை லாரிதான் போனது. மொயினுல் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "இன்னொரு தடவை குறைஞ்சா முதலாளி கிழிச்சுப் போட்டுடுவார், ஆப்பா."

நவம்பர் 30, வெள்ளி

இன்று சந்தை. லாரியைச் சந்தை நாளுக்கு மாற்றலாம் என்றால் அவர்களுக்கு வெள்ளி விடுமுறை, எல்லைக் கேட் பூட்டு. சந்தை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் நாங்கள் சர்ச்சுக்குப் போவோம், இங்கே பூட்டு. நாசமாய்ப் போகட்டும் எல்லாக் கிழமையும்.

டிசம்பர் 4, செவ்வாய்

வான்போக் வெற்றிலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "நாளைக்கு நோங்பிர்ல சந்தை. அக்கா வரச் சொன்னா."

நாளை புதன்.

உலையில் அரிசியைப் போடப் போனவள் அப்படியே நின்றேன். சுற்றிலும் எட்டு ஊர், நாளுக்கு ஓர் ஊராக எட்டு நாளும் சந்தை. எந்தப் புதனை எடுத்தாலும் ஏதோ ஓர் ஊரில் சந்தை. லாரி எங்கள் ஊருக்கே வர வேண்டும் என்று யார் எழுதினார்கள்? நானே எழுத வைத்தேன்.

சொல்லாமல் இருந்தால் என்ன? ஒருவருக்கும் தெரியாது. ஆனால் லாரி காலியாகப் போகும், ஒப்பந்தம் கிழியும், இருபத்து மூன்று குடும்பத்தின் பழமும் பள்ளத்தில் உருளும். சொன்னால் இபனிடம் போய் நிற்க வேண்டும். இபனிடம்!

மொயினுலைக் கூப்பிட்டேன். அப்புறம் இபனையும். பல்லைக் கடித்துக்கொண்டு.

டிசம்பர் 5, புதன்

நோங்பிரில் லாரி நிறைந்து வழிந்தது. இபன் எனக்குத் தேநீர் கொடுத்தாள், கேலி எதுவும் பேசவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 26, புதன்

கிறிஸ்துமஸ் மறுநாள் என்று கூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டோம். நோங்பிருக்கு அப்புறம் இது மூன்றாவது ஊர். எங்கள் சந்தைப் பழத்தை ட்ரோலினின் தம்பி வேனில் அந்தந்த ஊருக்கு அனுப்புகிறோம். எங்கே எப்போது என்று எட்டுக் கட்டம் போட்டு மொயினுலுக்கு எழுதிக் கொடுத்தேன். சில்ஹெட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறாராம்.

ஜனவரி 9, புதன்

முதலாளியே வந்தார். எட்டில் இரண்டு குறைந்ததை மன்னித்துவிட்டார். ஆலை உண்டு என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் படிகளைப் பார்த்தார். ரெண்டாயிரத்தையும் இறங்கி வந்து என் சமதளத்தையும் பார்த்தார், மூச்சு வாங்கியபடி. எட்டு ஊருக்கும் லாரி வரும் என்றால் ஆலை எட்டு ஊர்ச் சாலையும் சேரும் இடத்தில்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார்.

நோங்பிரில். இபன் வீட்டுக்கு எதிரே.

மாமா: "வழி சொன்னதே நீதானே." தெரியும். ஒவ்வொருவராக வந்து அதை எனக்குச் சொல்ல வேண்டுமா?

மார்ச் 5, செவ்வாய்

ஆலைக்குக் கூரைத் தகடு ஏறுகிறதாம். திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்க்கிறார் மொயினுல். காலையில் கூப்பிட்டார்.

"ஆப்பா, நாளைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"அது எனக்கும் தெரியும். உங்க கணக்குல என்ன?"

எங்கள் சந்தை என்று சொன்னேன். புதனும் எங்கள் சந்தையும் ஒன்றாக விழுகிறது, முதல் லாரி வந்த நாள் மாதிரியே. மரத்தில் ஒரு பழம் கிடையாது.

கோழிகளைச் சமதளத்திலிருந்து விரட்டினேன். அங்கே அன்னாசி நட வேண்டும்.